முடிச்சு எங்கே விழுகிறது?

2015 டிசம்பரில் பிலிப்ஸ் நிறுவனம் தன் ஹியூ விளக்குகளின் பிரிட்ஜ் பெட்டிக்கு ஒரு மென்பொருள் புதுப்பிப்பை அனுப்பியது. உள்ளங்கை அளவேயான அந்த வெள்ளைப் பெட்டிதான் வீட்டு இணையத்துக்கும் பல்புகளுக்கும் நடுவே நிற்பது. புதுப்பிப்பு இறங்கியதும், புதிதாகச் சேர வரும் வேறு நிறுவனப் பல்புகளுக்குப் பெட்டி கதவைச் சாத்திக்கொண்டது. விலை குறைவு என்பதால் ஆஸ்ராம், ஜிஇ, க்ரீ பல்புகளை ஹியூவோடு கலந்து மாட்டியிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். சில நாள்களிலேயே பிலிப்ஸ் பின்வாங்கியது.

அந்தப் பல்புகளில் எதுவும் மாறிவிடவில்லை. முந்தின நாள் பேசிய அதே அலைவரிசையில், அதே ஜிக்பீ நெறிமுறையில்தான் மறுநாளும் பேசின. சேர்க்க வேண்டிய பெட்டி சேர்க்க மறுத்தது, அவ்வளவுதான். போட்டி நிறுவனங்களின் கருவிகளை ஒரே வீட்டில் சேர்த்து வேலை வாங்குவது பற்றிப் பேசும்போது ரேடியோ, மொழி, சாவி என்று பல சிக்கல்களைத் தொட வேண்டியிருக்கும். அவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. இரண்டு கருவிகளைச் சேர்க்கும் முடிச்சு எங்கே விழுகிறது? கருவிகளுக்குள்ளேயேவா, வீட்டில் இருக்கும் ஒரு பெட்டியிலா, அல்லது கண்காணாத சர்வர் ஒன்றிலா? முடிச்சு விழும் இடம்தான் அதை யார் அவிழ்க்கலாம் என்பதையும் தீர்மானிக்கிறது.

ஓர் எளிய ஆசையை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது நடையில் உள்ள விளக்கு தானாக, கண் கூசாத மங்கல் வெளிச்சத்தில் எரிய வேண்டும். ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார் ஐகியாவுடையது. பல்பு ஹியூ. வீட்டில் ஒருவர் கையில் ஐபோன், இன்னொருவர் கையில் ஆண்ட்ராய்டு, கூடத்தில் அலெக்ஸா. வேண்டுமென்றே சிக்கலாக்கிய உதாரணம் அல்ல இது. தள்ளுபடி வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தால் எந்த வீடும் இப்படித்தான் வந்து நிற்கும். சென்சார் கண்டதைப் பல்புக்குச் சொல்ல வேண்டும். இடையில் நாலு மீட்டர் தூரம்.

முதல் தலைமுறைக் கருவிகளுக்கு இந்தக் கவலை இல்லை. 1975-ல் ஸ்காட்லாந்தின் க்ளென்ராதஸ் நகரில் பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எக்ஸ்10 முறை, வீட்டுச் சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் மின்கம்பி வழியாகவே கட்டளைகளை அனுப்பியது. மாறுதிசை மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னழுத்தம் இரண்டு முறை பூஜ்யத்தைக் கடக்கும். அந்தக் கணத்தில் கம்பியில் இரைச்சல் குறைவு. அப்போது 120 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்றை ஒரு மில்லிவிநாடிக்குச் செலுத்தினால் அது 1. சும்மா இருந்தால் 0. கருவியின் மேல் இரண்டு திருகுகள். ஒன்றில் 16 எழுத்துகள், மற்றதில் 16 எண்கள், மொத்தம் 256 முகவரிகள். யார் தயாரித்த கருவியானாலும் திருகைச் சரியான இடத்தில் வைத்தால் வேலை செய்யும். கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது.

விளைவு, ஒரே டிரான்ஸ்ஃபார்மரைப் பங்கிட்டுக்கொண்ட அமெரிக்க வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் பொத்தானை அழுத்தினால் இங்கே விளக்கு எரிந்தது. அதற்குப் பரிகாரம், வேறோர் எழுத்துக்குத் திருகை மாற்றிக்கொள்வது! முடிச்சு கம்பியிலேயே இருந்தது. கம்பியைத் தொட்டவர் எல்லோருக்கும் அதிகாரம் இருந்தது. பாதுகாப்பற்ற முறைதான், சந்தேகமில்லை. ஆனால் தயாரித்த நிறுவனம் மூழ்கினாலும் விளக்கு அணையாத முறை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

கம்பியை விட்டு ரேடியோவுக்கு மாறியபோது பிரிவினை தொடங்கியது. பட்டன் செல் ஒன்றில் ஓராண்டுக்கு மேல் ஓட வேண்டிய சென்சாருக்கு வைஃபை கட்டுப்படியாகாது. பெரும்பாலான நேரம் உறங்கி, சில மில்லிவிநாடிகள் மட்டும் விழித்து, சுருக்கமாக ஒன்றைச் சொல்லிவிட்டு மறுபடி உறங்கும் ரேடியோ அதற்கு வேண்டும். 2003-ல் வந்த 802.15.4 என்ற தரம் அப்படிப்பட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, விநாடிக்கு 250 கிலோபிட் வேகம், ஒரு பொட்டலத்துக்கு அதிகபட்சம் 127 பைட். இந்தச் சிக்கனத்தின் அளவு தெரிய வேண்டுமானால் ஒரு கணக்கு: முதல் குறளை யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் 123 பைட் பிடிக்கும். பொட்டலத்தின் மேல் எழுத வேண்டிய முகவரிகளையும் மறைகுறிச் சங்கதிகளையும் கழித்துவிட்டால் ஒரு குறள்கூட உள்ளே போகாது. ஆனால் ‘எரி’, ‘அணை’ என்பதற்கு இதுவே தாராளம்.

இந்த ரேடியோவின் மேல் கட்டப்பட்டதுதான் ஜிக்பீ. ஐகியா சென்சாரும் ஹியூ பல்பும் பேசுவது அதில்தான். டென்மார்க்கின் சென்சிஸ் நிறுவனம் உருவாக்கிய இசட்-வேவ் வேறு வழியில் போனது. ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்குவதால் வைஃபை நெரிசலில் அது மாட்டுவதில்லை. சுவர்களையும் நன்றாகத் துளைக்கும். ஆனால் அந்தப் பகுதியில் உலகம் முழுவதற்கும் பொதுவான இலவச அலைவரிசை கிடையாது. அமெரிக்காவில் 908.42 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868.42, இந்தியாவில் 865.2. நியூஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வரும் சித்தப்பா ஆசையாகப் பெட்டியில் கொண்டுவரும் இசட்-வேவ் பூட்டு, சென்னையில் வாங்கிய மையப் பெட்டியின், அதாவது ஹப்பின், காதில் விழவே விழாது. எந்த ஆப்பும் எந்தப் புதுப்பிப்பும் இதைத் தீர்க்காது. போதாக்குறைக்கு 908 மெகாஹெர்ட்ஸ் இங்கே கைபேசிகள் கோபுரத்தோடு பேசும் பகுதிக்குள் வருகிறது. கருவிகளைக் கலப்பதில் உண்மையிலேயே முடியாத காரியம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான். மற்றவை எல்லாம் யாரோ எடுத்த முடிவுகள்.

ஜிக்பீ வலையில் இன்னொரு விசேஷம், மின்இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு பல்பும் அடுத்தவர் செய்தியை வாங்கிக் கடத்திவிடும். மாடியில் உள்ள சென்சார் சொல்வதைக் கீழ்த்தள ஹப்புக்கு இரண்டு மூன்று பல்புகள் கை மாற்றிக் கொண்டுசேர்க்கும். ஆளில்லாத அறையில் சுவிட்சை அணைப்பதை ஒழுக்கமாகக் கொண்ட நம் வீடுகளில் இது அடிக்கடி அறுந்துபோகும். பாட்டி படுக்கையறைச் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தால் அந்தப் பல்பு இருட்டாவது மட்டுமில்லை, அதன் வழியாகப் பேசிக்கொண்டிருந்த மாடிச் சென்சாரும் ஊமையாகும். பல்பை மாட்டாமல் சுவிட்ச்போர்டுக்குள் ரிலே வைப்பதே நம் ஊருக்குப் பொருத்தம் என்பது என் கட்சி. சுவிட்ச் வழக்கம்போலச் சுவிட்சாகவே இருக்கும். பாட்டியைத் திருத்த வேண்டாம்.

சரி, சென்சாரும் பல்பும் ஒரே ரேடியோவில் இருக்கின்றன. காதில் விழுகிறது. புரிகிறதா?

ஜிக்பீயில் ஒரு கருவியின் திறமைகள் கிளஸ்டர் எனப்படும் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு எண்ணிடப்பட்டிருக்கின்றன. 6-ம் எண் என்றால் எரி, அணை. 8-ம் எண் என்றால் வெளிச்ச அளவு. இதில் யாருக்கும் தகராறில்லை. தகராறு அடுத்த படியில் வருகிறது. ஜிக்பீ பல்பு வெளிச்சத்தை 254 வரை எண்ணுகிறது. ஆப்பிளின் ஹோம்கிட்டும் அலெக்ஸாவும் நூற்றுக்கு எத்தனை என்று கேட்கின்றன. 33 சதவீதம் கேட்டால் 84 என்று மாற்றி அனுப்ப வேண்டும், திரும்பி வரும்போது மறுபடி சதவீதமாக்க வேண்டும். முழுமையாக்குவதில் இரண்டு பக்கமும் ஒரே விதியைப் பின்பற்றாவிட்டால், ஆப்பில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், நீங்கள் விட்ட இடத்தில் இல்லாமல் ஒரு புள்ளி நகர்ந்து நிற்கும். இது சின்ன எரிச்சல். 50 சதவீதம் என்றால் என்ன என்பது பெரிய எரிச்சல். மின்திறனில் பாதியா, கண்ணுக்குப் பாதியா? நம் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. ஒரு நிறுவனம் கண்ணின் போக்குக்கு வளைத்து மங்கச் செய்யும், இன்னொன்று நேர்க்கோட்டில் குறைக்கும். இரண்டு பல்புகளும் ‘50’ என்ற ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, கூடத்தில் இரண்டு விதமாக எரியும்.

நிறத்திலும் இதே கதை. கடையில் பல்பு வாங்கும்போது 2700 கெல்வின் மஞ்சள் வெள்ளை, 6500 கெல்வின் நீல வெள்ளை என்று அட்டையில் பார்க்கிறோம். பல்புகள் தங்களுக்குள் கெல்வினில் பேசுவதில்லை. பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்து வரும் மிரெட் என்ற அளவில் பேசுகின்றன. காரணம் இருக்கிறது. 2000 கெல்வினிலிருந்து 3000-க்குப் போனால் நிறம் பளிச்சென்று மாறுவது தெரியும். 5500-லிருந்து 6500-க்குப் போனால் உற்றுப் பார்க்க வேண்டும். கெல்வினில் இரண்டும் ஆயிரம்தான். மிரெட்டில் முதலாவது 167, இரண்டாவது வெறும் 28. கண் உணரும் வித்தியாசத்துக்கு மிரெட்தான் நெருக்கம்.

இவையெல்லாம் கணக்கு. மாற்றி எழுதினால் சரியாகிவிடும். கணக்குக்குள் அடங்காதது ஒன்று நம் உதாரணத்திலேயே இருக்கிறது. பெரும்பாலான சென்சார்கள் ‘ஆள் இருக்கிறார்’ என்று தாங்கள் கண்டதைச் சொல்லும். என்ன செய்வது என்பதை ஹப் முடிவு செய்யும். ஐகியாவின் பழைய டிராட்ஃப்ரி சென்சார் அப்படியில்லை. அது கண்டதைச் சொல்வதே இல்லை. ‘180 விநாடி எரி’ என்று விளக்குக்கு நேராக உத்தரவு போடுகிறது. சாட்சி சொல்ல வேண்டியவர் தீர்ப்பே எழுதி அனுப்புகிறார். சாட்சியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் வேறொரு நிறுவனத்தின் ஹப், அந்த உத்தரவைப் பார்த்து, ‘ஓஹோ, ஆள் நடமாட்டம் இருந்திருக்க வேண்டும்’ என்று ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊகத்தை யாராவது மென்பொருளாக எழுதி வைத்திருந்தால் உண்டு. ஒரே நெறிமுறை, ஒரே முத்திரை, இருந்தும் சேரவில்லை என்று வாங்கியவர்கள் புலம்புவதன் பின்னால் இருப்பது அநேகமாக இந்த மாதிரி சங்கதி.

அடுத்தது சாவி. முன்பின் அறியாத இரண்டு கருவிகள் முதன்முதலாகச் சந்திக்கும்போது வலைக்கான ரகசியச் சாவியை எப்படிக் கொடுப்பது? பழைய ஜிக்பீ இதற்கு ஒரு பொதுச்சாவியை வைத்திருந்தது. அதன் மதிப்பு ‘ஜிக்பீஅலையன்ஸ்09’ என்ற பெயரின் 16 ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும்தான்; சரியாக 128 பிட். உலகுக்கே தெரிந்த சாவி. புதுக் கருவி சேரும் அந்தச் சில நொடிகளில் பக்கத்தில் யாராவது ஒட்டுக் கேட்டால் வீட்டின் உண்மைச் சாவியும் அவர் கைக்குப் போய்விடும். விளக்குகளுக்கென்று இருந்த லைட் லிங்க் பிரிவு, உற்பத்தியாளர்களுக்கு மட்டும் ஒரு தலைமைச் சாவியை ரகசிய ஒப்பந்தத்தோடு கொடுத்தது. 2015-ல் அதுவும் கசிந்தது. 2016-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தையும் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு டிரோனைப் பறக்கவிட்டு, கட்டடத்துக்கு வெளியிலிருந்தே ஹியூ பல்புகளைக் கைப்பற்றிக் காட்டினார்கள். எல்லாருடைய கருவியும் எல்லாவற்றோடும் சேர வேண்டும் என்றால் எல்லாருக்கும் தெரிந்த சாவி வேண்டும். அப்படி ஒரு சாவி இருந்தால் அது சாவியே இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனிக் குறியீடு தரும் வசதி ஜிக்பீயில் பின்னால் வந்தது. ஆனால் இந்த முரணைச் சுத்தமாகத் தீர்க்க வேறொரு கணிதம் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு வருவோம்.

இந்தத் தொல்லைகளைக் கண்டு பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுத்தது சுலபமான வழி: முடிச்சைச் சர்வரில் போடுவது. சென்சார் தன் ஹப்புக்குச் சொல்லும், ஹப் ரூட்டர் வழியாகத் தன் நிறுவனத்தின் சர்வருக்கு, அந்தச் சர்வர் அலெக்ஸாவின் சர்வருக்கு, அது பல்பு நிறுவனத்தின் சர்வருக்கு, அங்கிருந்து மறுபடி உங்கள் ரூட்டருக்கு, பிரிட்ஜுக்கு, கடைசியில் பல்புக்கு. ஆப்பில் இரண்டு கணக்குகளை இணைத்து ‘அனுமதி’ என்று அழுத்தினால் போதும். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோவிநாடி. 7,500 கிலோமீட்டர் தள்ளி ஐரோப்பாவில் சர்வர் இருந்தால் போய்வரவே 75 மில்லிவிநாடி. அதோடு ஒவ்வொரு சர்வரும் எடுக்கும் நேரம். அரை விநாடி, ஒரு விநாடி என்று தாமதமாகும்போது ஆள் நடையைக் கடந்தே போயிருப்பார். இருட்டில் நடந்தவருக்குப் பின்னால் விளக்கு எரியும்.

தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அவிழ்ப்பதைப் பொறுக்க முடியாது. ரிவால்வ் என்ற ஹப், பல நிறுவனக் கருவிகளை ஒரே ஆப்பில் சேர்ப்பதற்கென்றே பிறந்தது. விலை சுமார் 300 டாலர். 2014-ல் அந்த நிறுவனத்தைக் கூகுளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. வாங்கியவர் வீட்டில் பெட்டி பழுதில்லாமல் இருந்தது, மின்சாரமும் இருந்தது, பெட்டிக்கு மட்டும் வேலை இல்லை. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் மௌனமாயின. பிறகு அதன் வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து நிறுவனத்தை வாங்கி உயிர்ப்பித்தார்கள். விளக்குக்காகக் கம்பெனியையே வாங்க வேண்டிவந்த வாடிக்கையாளர்கள் உலகில் வேறு யாரும் உண்டா தெரியவில்லை. 2023 நவம்பரில் அமெரிக்காவின் சேம்பர்லேன் நிறுவனம் தன் மைக்யூ கார்ஷெட் கதவுகளின் சர்வரை வெளியார் மென்பொருள்கள் தொட முடியாதபடி அடைத்தது. அதற்குப் பயனர்கள் கண்ட பதில் எனக்கு மிகவும் பிடித்தமானது. சின்ன மின்னணுப் பலகை ஒன்றைக் கதவு மோட்டாரின் கம்பியிலேயே பொருத்திவிட்டார்கள். சர்வரில் அவிழ்க்கப்பட்ட முடிச்சை எடுத்துக் கம்பியில் போட்டாயிற்று. இனி அவிழ்க்க வேண்டுமானால் வீட்டுக்கே வர வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு. முடிச்சை வீட்டுக்குள்ளேயே இருக்கும், எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படாத ஒரு பெட்டியில் போடுவது. 2013-ல் பவுலஸ் ஸ்கௌட்சன் என்ற டச்சுக்காரர், சூரியன் மறையும்போது தன் ஹியூ விளக்குகள் எரிய வேண்டும் என்று பைதான் மொழியில் எழுதத் தொடங்கியது ஹோம் அசிஸ்டென்ட் என்ற திறமூல மென்பொருளாக வளர்ந்தது. ராஸ்பெர்ரி பை போன்ற கையடக்கக் கணினி போதும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள், சேவைகளோடு பேசத் தேவையான மொழிபெயர்ப்புகளைத் தன்னார்வலர்கள் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். 2024-ல் இதை யாரும் விலைக்கு வாங்கிவிட முடியாதபடி ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் விட்டார்கள். யுஎஸ்பியில் செருகும் ஒரு ஜிக்பீ ரேடியோவை வைத்துக்கொண்டால் ஐகியா ஹப்பும் வேண்டாம், ஹியூ பிரிட்ஜும் வேண்டாம். சென்சாரும் பல்பும் நேராக இந்தப் பெட்டியோடு பேசும். ‘180 விநாடி எரி’ என்ற உத்தரவை ‘ஆள் இருக்கிறார்’ என்று திருப்பிப் போடும் அந்த ஊகம், இங்கே யாரோ ஒருவர் எழுதிவைத்த சில வரி நிரல்.

இத்தகைய பெட்டிகளுக்குள் பலவேளை ஓடுவது எம்க்யூடிடி என்ற நெறிமுறை. 1999-ல் ஆர்லன் நிப்பரும் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் எண்ணெய்க் குழாய்களை செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக உருவாக்கியது. சொல்பவர் ஒரு தலைப்பில் சொல்லிவிட்டுப் போவார். அந்தத் தலைப்பில் ஆர்வமுள்ளவர் கேட்டுக்கொள்வார். சொல்பவருக்குக் கேட்பவர் யார் என்று தெரிய வேண்டியதில்லை. போட்டியாளர்களை ஒரே கூரையின் கீழ் வைக்க இதைவிட நாசூக்கான ஏற்பாடு இல்லை.

குறை என்ன? இதைப் பராமரிக்க வீட்டில் ஒருவர் வேண்டும். அவர் வெளியூர் போயிருக்கும் வாரத்தில்தான் பெட்டியின் மெமரி கார்டு பழுதாகும். கார்டு போனால் நடை விளக்கும் போயிற்று.

அதைவிட நெருக்கமான முடிச்சும் உண்டு. ஜிக்பீயில் பைண்டிங் என்று ஒரு வசதி. ஒரு ரிமோட்டின் நினைவகத்திலேயே ‘உன் பொத்தானை அழுத்தினால் இந்த முகவரிப் பல்புக்குச் சொல்’ என்று எழுதிவிடலாம். எழுதிய பிறகு ஹப்பைப் பிடுங்கி அலமாரியில் வைத்தாலும் வேலை நடக்கும். இணையம் வேண்டாம், கணினி வேண்டாம், எந்தக் கம்பெனியும் உயிரோடு இருக்க வேண்டாம். உத்தரவே போடும் அந்த ஐகியா சென்சார் இந்த ஏற்பாட்டுக்கு ஏற்றது. அது அப்படிச் செய்யப்பட்டதே இதற்காகத்தான். ஆனால் இந்த முடிச்சுக்கு மூளை இல்லை. இரவு பதினொன்றுக்கு மேல் மட்டும் மங்கலாக எரி, விருந்தினர் வந்திருந்தால் முழுதாக எரி என்றெல்லாம் அதனிடம் சொல்ல முடியாது. கருவிக்கு அருகில் போடும் முடிச்சு நிலைக்கும், ஆனால் மந்தம். தொலைவில் போடும் முடிச்சு எதையும் யோசிக்கும், எப்போது அறுமென்று சொல்ல முடியாது.

ஆப்பிள், அமேசான், கூகுள் மூன்றும் 2019 டிசம்பரில் ஜிக்பீ கூட்டமைப்போடு சேர்ந்து பொதுத் தரம் ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தபோது பலரும் நம்பவில்லை. 2022 அக்டோபரில் அது மேட்டர் 1.0 என்று வெளிவந்தது. ரேடியோவை அது புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வைஃபை, ஈதர்நெட், த்ரெட் மூன்றையும் எடுத்துக்கொண்டது. த்ரெட் என்பது ஜிக்பீயின் அதே 802.15.4 ரேடியோதான், ஆனால் அதன்மேல் இணையத்தின் முகவரி முறையே, அதாவது ஐபி ஆறாம் பதிப்பே ஓடும். அந்தப் பதிப்பில் ஒவ்வொரு பொட்டலத்தின் முகப்பு விவரம் மட்டும் 40 பைட். 127 பைட் பொட்டலத்தில் அதற்கு எங்கே இடம்? இரு முனைகளும் ஏற்கெனவே அறிந்த விவரங்களைத் திரும்பச் சொல்லாமல் விட்டு, அந்த 40-ஐச் சில பைட்டுகளாகச் சுருக்கும் ஒரு முறை இருக்கிறது. அதனால் பட்டன் செல்லில் ஓடும் சென்சாருக்கும் உங்கள் மடிக்கணினிக்கும் ஒரே வகை முகவரி. நடுவில் நின்று மொழிபெயர்க்கும் பிரிட்ஜ் தேவையில்லை. பாதை காட்டும் ரூட்டர் போதும். மறுக்கும் அதிகாரம் மொழிபெயர்ப்பவருக்கு உண்டு, பாதை காட்டுபவருக்கு இல்லை. 2015-ன் பிலிப்ஸ் சச்சரவு இனி நடக்காமல் இருக்க வேண்டுமானால் மாற வேண்டியது இதுதான். கிளஸ்டர் அகராதியையும் பெருமளவு ஜிக்பீயிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். அதே 6, அதே 8, அதே மிரெட்.

உண்மையில் புதியது சாவி விஷயம். ஒவ்வொரு மேட்டர் கருவிக்குள்ளும் தொழிற்சாலையிலேயே தனிச் சான்றிதழ் ஒன்று பதிக்கப்படுகிறது. பொதுச்சாவி ஒழிந்தது. கருவியின் மேல் 11 இலக்க எண்ணும் க்யூஆர் குறியும் இருக்கும். அந்த 11-க்குள் 8 இலக்கக் கடவெண் ஒளிந்திருக்கிறது. 12345678, 11111111 மாதிரி எண்களை வைக்கக்கூடாது என்று தரமே தடை செய்திருக்கிறது, மனித சுபாவம் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சேர்க்கும்போது போனும் கருவியும் அந்தக் கடவெண்ணைக் காற்றில் அனுப்பிக்கொள்வதில்லை. அதை வைத்து ஒரு கணக்கைத் தனித்தனியே போட்டு, விடை பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கின்றன. ஒட்டுக் கேட்பவருக்கு எதுவும் மிஞ்சாது. பொருந்தினால் கருவிக்கு அந்த வீட்டுக்கான புதிய சான்றிதழ் ஒன்று வழங்கப்படும். அந்தச் சான்றிதழை ஏற்கும் வட்டத்துக்கு ஃபேப்ரிக் என்று பெயர்.

ஒரு கருவி குறைந்தது ஐந்து ஃபேப்ரிக்குகளில் ஒரே சமயத்தில் இருக்க முடிய வேண்டும் என்பது விதி. ஐபோன்காரர் ஆப்பிளின் ஹோம் ஆப்பில் பல்பைச் சேர்க்கிறார். பிறகு அதே ஆப்பில் ‘இணைத்தல் நிலை’யைத் திறக்கிறார். அதிகபட்சம் 15 நிமிடம் திறந்திருக்கும் அந்தக் கதவுக்கு ஒரு தற்காலிக எண் கிடைக்கும். ஆண்ட்ராய்டுகாரர் அந்த எண்ணைக் கூகுள் ஹோமில் போட்டால் பல்பு இரண்டாவது சான்றிதழையும் வாங்கிக்கொள்ளும். அலெக்ஸாவுக்கு மூன்றாவது. யாருடைய சர்வரும் யாருடைய சர்வரோடும் பேசவில்லை. முடிச்சு பல்புக்குள் விழுந்திருக்கிறது. பழைய ஹியூ பல்புகளுக்கு இந்தத் திறமை இல்லை. 2023-ல் வந்த புதுப்பிப்பின் மூலம் பிரிட்ஜ் அவற்றின் சார்பில் மேட்டர் பேசுகிறது. அவற்றின் முடிச்சு இன்னமும் பெட்டியில்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் பதிப்பில் குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், கேமரா எதுவும் கிடையாது. வீட்டுச் சாதனங்கள் பல 2023-ன் 1.2 பதிப்பில் வந்தன. இரண்டு போட்டியாளர்களும் செய்யும் ஒன்றுக்குத்தான் பொதுத் தரத்தில் பெயர் வைக்க முடியும். ஒருவர் மட்டும் செய்யும் வித்தை அவருடைய ஆப்பிலேயே தங்கும். திரையில் ஓடும் படத்துக்கேற்ப நிறம் மாறும் ஹியூவின் வித்தை மேட்டர் வழியே கடக்காது. இதைச் சதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் திறமையைத் தரத்துக்குக் கொண்டுவருவது, எதைத் தாமதப்படுத்துவது என்பதில் வியாபாரக் கணக்கு இல்லை என்றும் சொல்ல மாட்டேன். த்ரெட் வலைகளும் நீண்ட நாள் தனித்தனித் தீவுகளாகவே இருந்தன. ஆப்பிள் ஸ்பீக்கர் ஒரு வலை அமைக்கும், கூகுள் பெட்டி அதே கூடத்தில் இன்னொன்று அமைக்கும். செய்தி போய்ச் சேர்ந்துவிடும் என்றாலும், ஒன்றுக்கொன்று தோள் கொடுக்க வேண்டிய பல்புகள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்றன. வலையின் சாவியைப் பகிர்ந்துகொள்ள ஒரே முறையை 2024-ல் வந்த த்ரெட் 1.4 வகுத்தது.

மேட்டர் தொடாத இடம் ஒன்று இருக்கிறது, விதிகள். பல்பை ஐந்து பேர் ஆளலாம். ஆனால் ‘இரவு பதினொன்றுக்கு மேல் பத்து சதவீதம்’ என்று ஐபோனில் எழுதிய விதி கூகுளுக்குத் தெரியாது. அலெக்ஸாவில் யாரோ எப்போதோ எழுதிய ‘நடமாட்டம் தெரிந்தால் அறுபது’ என்ற விதி ஆப்பிளுக்குத் தெரியாது. நள்ளிரவில் இரண்டும் சேர்ந்து பாயும். பல்பு பத்துக்குப் போய், கண்ணிமைக்கும் நேரத்தில் அறுபதுக்குத் தாவும். கடைசியாக வந்த கட்டளையே வெல்லும். பல்புக்கு விசுவாசம் கிடையாது. ஆகவே எத்தனை ஆப்பில் வேண்டுமானாலும் கருவிகளைச் சேர்த்துக்கொள்ளலாம், விதிகளை ஒரே இடத்தில் மட்டும் எழுத வேண்டும். அந்த இடம் வீட்டுக்குள் இருந்தால் நல்லது. அடிப்படையான சுவிட்சும் விளக்கும் அந்த இடமும் செத்துப்போனாலும் வேலை செய்யும்படி நேரடியாகப் பிணைக்கப்பட்டிருந்தால் இன்னும் நல்லது.

பல்பை மாட்டும் முன் அதன் மேல் உள்ள அந்த 11 இலக்க எண்ணைப் படம் எடுத்து வையுங்கள், அல்லது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பல நிறுவனங்கள் அதைப் பல்பின் கழுத்திலேயே அச்சடிக்கின்றன. ஹோல்டரில் மாட்டி, மேலே கண்ணாடி மூடியும் போட்டுவிட்டால் ஏணி இல்லாமல் படிக்க முடியாது. ஆப்புகள் தரும் தற்காலிக எண்கள் பதினைந்து நிமிடத்தில் காலாவதியாகும். ஆப்பை நடத்தும் நிறுவனமே ஒருநாள் காலாவதியாகலாம். அன்றைக்குப் பல்பைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, வேறொரு நிறுவனத்தின் ஆப்பில் முதலிலிருந்து சேர்ப்பதற்கு அச்சடித்த அந்த எண் ஒன்றே போதும். ரிவால்வ் வாங்கியவர்களிடம் அப்படி ஓர் எண் இருக்கவில்லை.